ஒரே நாட்டுக்குள் பின்தங்கிய பகுதி எப்போதாவது எட்டிப் பிடிக்குமா?

அரைக்கோடு எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு கேள்வி விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் பொருளாதாரம் முறையாகப் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறவன். தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நல்லது.

ஒரு பெரிய நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஒரே பணம், ஒரே அரசியல் சட்டம், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போக யாரும் விசா கேட்பதில்லை. கூலி குறைவாக இருக்கிற பக்கம் தொழிற்சாலை வரும், கூலி அதிகமாக இருக்கிற பக்கம் தொழிலாளி போவார், இரண்டும் சேர்ந்து காலப்போக்கில் வித்தியாசத்தைக் கரைத்துவிடும் என்றுதான் பாடத்தில் சொல்கிறார்கள். பாரோ, சலா-இ-மார்ட்டின் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்களையும் ஐரோப்பியப் பகுதிகளையும் வைத்துக் கணக்குப் போட்டு, இடைவெளி வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் என்ற வேகத்தில் குறைகிறது என்று காட்டினார்கள். அந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய 35 வருடத்தில் பாதி இடைவெளி மறைய வேண்டும், 70 வருடத்தில் கால் பங்குதான் மிஞ்ச வேண்டும்.

ஆனால் உண்மையில் அப்படி நடந்த மாதிரி தெரியவில்லையே. பிரேசிலின் வடகிழக்கில் தலைக்கு வருமானம் 1950களிலும் நாட்டுச் சராசரியில் பாதிக்குப் பக்கத்தில், இன்றும் பாதிக்குப் பக்கத்தில். பீகார் 1960-61-ல் இந்தியச் சராசரியில் சுமார் 70 சதவீதம் இருந்தது, இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. நெருங்கவில்லை என்பது மட்டுமல்ல, விலகியே போயிருக்கிறது. இரண்டு தலைமுறை கடந்தும் இப்படி என்றால் அந்த 35 வருடக் கணக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பகுதிகளுக்கு நடுவே இருக்கிற வருமான இடைவெளி தானாகக் குறையுமா, அல்லது யாராவது குறைத்தால்தான் குறையுமா? அப்புறம், அளக்கிற விதத்திலேயே ஏதாவது கோளாறு இருக்கிறதா?


பழங்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "தானாகக் குறையும்" என்று சொல்கிறவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள், "தானாகக் குறையவே குறையாது" என்பதற்கும் எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி அதுதான்.

1880-ல் தென் மாநிலங்களின் தலைக்கு வருமானம் நாட்டுச் சராசரியில் ஏறக்குறைய பாதி. உள்நாட்டுப் போர் முடிந்து 15 வருடம்தான் ஆகியிருந்தது, அதனால் அது ஆச்சரியம் இல்லை. அடுத்த 50 வருடத்தில் அந்த நாடு ரயில்பாதை போட்டது, எஃகு ஆலை கட்டியது, உலகத்திலேயே பெரிய தொழில் நாடாக மாறியது. 1930-ல் தென் மாநிலங்கள் எங்கே இருந்தன தெரியுமா? பாதியை ஒட்டி, கிட்டத்தட்ட அதே இடத்தில். 50 வருடம் ஒரே நாடு, ஒரே பணம், ஒரே சட்டம், ஆனால் கோடு அசையவே இல்லை. 1938-ல் ரூஸ்வெல்ட் தெற்கைப் பற்றிப் பேசும்போது நாட்டின் முதல் பொருளாதாரப் பிரச்சினையே அதுதான் என்றார்.

அப்புறம் 1940-லிருந்து 1980 வரை நாற்பதே வருடத்தில் அது சராசரியில் சுமார் 85 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. மிசிசிப்பி 1929-ல் சராசரியில் 40 சதவீதம் அளவில்தான் இருந்தது, 1980-ல் 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. நீங்கள் சொன்ன 2 சதவீதம் என்பது இந்த இரண்டு காலத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி. அசையாத 50 வருடமும் வேகமாக ஓடிய 40 வருடமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. அதனால் என்னைக் கேட்டால் 35 வருடக் கணக்கை ஒரு இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரி, ஏன் 50 வருடம் அசையவில்லை? அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது, ஆனால் நிலம் கைமாறவில்லை. விடுதலையானவர்கள் அதே பருத்திக் காட்டில், விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுக்கிற வாரமுறையில் பயிர் செய்தார்கள். விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டுக்கும் நிலக்காரரிடமோ கடைக்காரரிடமோ கடன், அறுவடையில் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது, அடுத்த வருடமும் அதே கடன். ஆட்களை வடக்கே வேலைக்குக் கூட்டிப் போக வருகிற தரகர்கள் மீது பல தென் மாநிலங்கள் கனமான உரிமக் கட்டணம் போட்டன, ஒருவரிடம் வேலை செய்கிறவரை இன்னொருவர் அதிகக் கூலி சொல்லி இழுப்பதையே குற்றமாக்கி வைத்திருந்தன. எளிய மக்கள் படித்தால் ஊரை விட்டுப் போய்விடுவார்கள், அதனால் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவு செய்ய அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. ஆக, "யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்பது காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

அதை உடைத்தது ஒரு விஷயம் இல்லை, நாலைந்து சேர்ந்து உடைத்தன. 1933-ல் பருத்தி விலையைத் தூக்கி நிறுத்த, நிலத்தைத் தரிசாகப் போட்டால் அரசு பணம் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. நிலக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வாரக் குடிகளை வெளியே அனுப்பினார்கள். அது கொடுமைதான், சந்தேகமே இல்லை, ஆனால் பழைய கட்டு அங்கே அவிழ ஆரம்பித்தது. அதே 1933-ல் டென்னசி பள்ளத்தாக்கில் அணையும் மின்சாரமும். 1938-ல் நாடு முழுக்க ஒரே குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 25 சென்ட், இருந்தாலும் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அது கிடையாது, அதனால் அதிகம் தேவைப்பட்டவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தளங்களும் ஆலைகளும் தெற்கே வந்தன. பருத்தி பறிக்கும் இயந்திரம் 1940களில் வந்தது, 1960களின் முடிவில் கையால் பறிப்பது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1910-லிருந்து 1970-க்குள் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். 1964-ல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் தென் கரோலினாவின் நெசவாலைகளில் அவர்களுக்குப் பெரிய அளவில் வேலை கொடுத்தார்கள். ஆலை அதற்கு முன்னாலும் அங்கேயேதான் இருந்தது.

அதனால் என் பதில்: இடைவெளி தானாகக் குறையவில்லை. கூலியை மலிவாக வைத்திருப்பதில் லாபம் பார்த்த ஒரு ஏற்பாடு உடைந்தபோதுதான் குறைந்தது. 1980-க்குப் பிறகு அந்த வேகமும் போய்விட்டது. மிசிசிப்பி இன்றைக்கும் ஏறக்குறைய அதே 70 சதவீதத்தில்தான் நிற்கிறது.


எடைக்கல் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அளவைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இந்த விவாதங்களில் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

சீனாவில் 1978-ல் ஷாங்காயின் தலைக்கு உற்பத்தி 2,485 யுவான், உள்நாட்டு ஏழை மாகாணமான குய்ச்சோவின் தலைக்கு உற்பத்தி 175 யுவான். பதினான்கு மடங்கு. இன்று அது மூன்றரை மடங்கு அளவில் இருக்கிறது. இதை வைத்து "1978-க்குப் பிறகு இடைவெளி ஒரேயடியாகக் குறைந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1978-ல் விலையை அரசு வைத்தது. தானியமும் நிலக்கரியும் மலிவு, ஆலைப் பொருள் விலை அதிகம், அதனால் ஆலைகள் குவிந்திருந்த ஷாங்காயின் எண் உப்பித் தெரிந்தது. அங்கே வேலை செய்த தொழிலாளி குய்ச்சோ விவசாயியைப் போலப் பதினான்கு மடங்கு வசதியாக வாழ்ந்தார் என்று அர்த்தம் இல்லை, லாபம் நேராக பெய்ஜிங் கருவூலத்துக்குப் போனது.

அப்புறம் வகுக்கிற எண். 1958-லிருந்து அங்கே குடும்பப் பதிவு முறை இருக்கிறது, பிறந்த ஊரில்தான் பதிவு. 1990களில் லட்சக்கணக்கான பேர் கடலோர ஆலைகளுக்குப் போனார்கள், ஆனால் பல இடங்களில் மாகாண உற்பத்தியைப் பதிவில் இருக்கும் ஆட்களால் மட்டும் வகுத்தார்கள். வேலை செய்கிறவரின் உழைப்பு கடலோரக் கணக்கில், அவருடைய தலை உள்நாட்டுக் கணக்கில். இடைவெளி இருப்பதைவிடப் பெரிதாகத்தானே தெரியும்?

உற்பத்தி வேறு, வருமானம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மாநிலத்தில் இரும்புத் தாது வெட்டுகிறார்கள், மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் அந்த மதிப்பு முழுவதும் அந்த மாநில உற்பத்தியில் ஏறும், ஆனால் லாபம் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்துக்குப் போய்விடும். மறுபக்கம் ஆட்கள் வெளியே போய்ச் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் பணம் மாநில உற்பத்தியில் வராது. கேரளாவிலோ பீகாரிலோ ஒரு குடும்பம் உண்மையில் எப்படி வாழ்கிறது என்று பார்க்க உற்பத்திக் கணக்கு போதாது, வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏழைப் பகுதியில் வீட்டு வாடகையும் கூலியும் குறைவு என்பதால் விலைவாசியைச் சரிசெய்து பார்த்தால் இடைவெளி இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திருத்தம் எல்லாம் செய்த பிறகும் இடைவெளி காணாமல் போவதில்லை. பீகாரை எந்த அளவுகோலில் அளந்தாலும் பின்னால்தான் நிற்கிறது.


நிலவரி எழுதியது:

பீகார் பெயர் இரண்டு முறை வந்துவிட்டது, அதனால் இந்தியப் பக்கத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

பழங்கணக்கு சொன்ன "பழைய ஏற்பாடு" என்ற விஷயம் இங்கேயும் நன்றாகவே பொருந்துகிறது. 1793-ல் காரன்வாலிஸ் வங்காளம், பீகார் பகுதிகளில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது, உழுகிறவரிடம் எவ்வளவு பிடுங்கினாலும் மிச்சம் அவருக்கே. சென்னை, பம்பாய் மாகாணங்களில் பெரும்பகுதி ரயத்துவாரி, விவசாயியே நேராக வரி கட்டினார். அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் இதை மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டு, ஜமீன்தாரி இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலிலும் பள்ளி, சுகாதார வசதிகளிலும் பின்தங்கியே இருந்தன என்று காட்டினார்கள். ஜமீன்தாரி ஒழிந்து பல பத்தாண்டு ஆன பிறகும்! பீகார் 1950-லேயே ஒழிப்புச் சட்டம் போட்டது, பாட்னா உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 1951-ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வரக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. சட்டம் நின்றது, ஆனால் நிலம் உழுதவர்களுக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

அதோடு சுதந்திர இந்தியாவே போட்ட ஒரு தவறான முடிவும் உண்டு, அதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சரக்குக் கட்டணச் சமன்பாடு. 1950களிலிருந்து எஃகு, நிலக்கரி போன்றவற்றை நாட்டின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி ரயில் செலவை அரசு சமப்படுத்தியது. நோக்கம் நல்லதுதான், எல்லாப் பகுதிக்கும் தொழில் வரட்டும் என்பது. ஆனால் சுரங்கத்துக்கும் எஃகு ஆலைக்கும் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு மாநிலங்களுக்கு இருந்த ஒரே பெரிய சாதகம் அதோடு போய்விட்டது. ஜாம்ஷெட்பூர் எஃகு ஜாம்ஷெட்பூர் பக்கத்திலும் ஆயிரம் மைல் தள்ளியும் ஒரே விலை என்றால், துறைமுகமும் சந்தையும் இருக்கிற மேற்கிலும் தெற்கிலும்தானே பொறியியல் ஆலை வைப்பார்கள்? மேற்கில் விளைகிற பருத்திக்கு இப்படி ஒரு சமன்பாடு இல்லை என்பதைக் கிழக்கு மாநிலங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தன. 1990களின் தொடக்கத்தில்தான் அதை எடுத்தார்கள், அதற்குள் ஆலைகள் எங்கே அமைய வேண்டுமோ அங்கே அமைந்துவிட்டன. 2000-ல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது மிச்சமிருந்த கனிமமும் பீகாரை விட்டுப் போனது.

ஆனால் பழங்கணக்குக்கு ஒரு கேள்வி. நிலச் சீர்திருத்தம் நடந்தால் போதுமா? மேற்கு வங்கத்தில் 1978-ல் பர்கா பதிவு நடந்தது, குத்தகைதாரர்களின் பெயர் பதிவாகி விளைச்சலும் உயர்ந்தது. ஆனாலும் 1960-61-ல் தலைக்கு வருமானத்தில் சராசரியைவிட மேலே, 127.5 சதவீதத்தில் இருந்த மாநிலம் 2023-24-ல் 83.7-க்கு வந்துவிட்டது. ஆலைகள் வெளியேறியதை வயல் ஈடுகட்டவில்லை. பஞ்சாபும் பசுமைப் புரட்சியில் உச்சிக்குப் போய் இப்போது சராசரியை ஒட்டி இறங்கியிருக்கிறது. ஒடிசா மாறாக, 1990களில் பாதிக்குப் பக்கத்தில் இருந்தது இப்போது சராசரியில் 88 சதவீதம் அளவுக்கு வந்திருக்கிறது. ஆக வரிசை கல்லில் செதுக்கியது இல்லை, மேலே இருந்தவர் இறங்குவதும் நடக்கிறது. எடைக்கல் சொன்ன உற்பத்தி, வருமான வித்தியாசம் ஒடிசா விஷயத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், சுரங்கமும் உலோக ஆலையும்தான் அங்கே பெரிய பங்கு.


அரைக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 2 சதவீதத்துக்குள்ளே இரண்டு வேறு காலம் ஒளிந்திருக்கிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

ஆனால் யாரும் பணப் பகிர்வைத் தொடவில்லையே. மத்திய அரசு பணக்காரப் பகுதியில் வரி எடுத்து ஏழைப் பகுதிக்குக் கொடுக்கிறது, இது பெரும்பாலும் எல்லாப் பெரிய நாட்டிலும் நடக்கிறது. கொடுக்கிறவர்கள் "எங்கள் காசு வீணாகிறது" என்கிறார்கள், வாங்குகிறவர்கள் "இது போதவில்லை" என்கிறார்கள். இத்தனை பத்தாண்டு கொடுத்தும் பிரேசிலில் அசையவில்லை என்றால் கொடுப்பதில் பலன் இல்லை என்றுதானே ஆகிறது?


தூரதேசம் எழுதியது:

இல்லை, அப்படி ஆகாது. இரண்டு வேறு காரியத்துக்குக் கொடுக்கிற பணத்தை ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது.

ஆஸ்திரேலியாவில் 1933 ஏப்ரலில் மேற்கு ஆஸ்திரேலியா தனி நாடாகப் பிரிந்துபோகலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது, மூன்றில் இரண்டு பங்கு பேர் போகலாம் என்று வாக்களித்தார்கள். அதே வருடம்தான் அங்கே மானியக் குழு அமைந்தது. அந்தக் குழு கேட்கும் கேள்வி "இந்த மாநிலம் எப்போது பணக்கார மாநிலமாகும்?" என்பது இல்லை. எந்த மாநிலத்தில் பிறந்தாலும் ஒரு குழந்தைக்கு ஒரே தரத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கிடைக்க அந்த மாநில அரசுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதுதான். கனடா 1957-ல் இதே மாதிரி ஒரு முறையைத் தொடங்கி 1982-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இப்படிப்பட்ட பணத்தை "இடைவெளி குறைந்ததா" என்று கேட்டு எடைபோடுவது பொருத்தமே இல்லை. மழை பெய்ததா என்று பார்த்துக் குடையைக் குறை சொல்கிற மாதிரி.

காலம் போனதும் ஆள் மாறுவதையும் பாருங்கள். அதே மேற்கு ஆஸ்திரேலியா இரும்புத் தாது ஏற்றத்தில் நாட்டிலேயே தலைக்கு உற்பத்தி அதிகமான மாநிலங்களில் ஒன்றாகி, 2015-16-ல் சரக்கு சேவை வரியில் தலைக்கணக்குப்படி வர வேண்டிய ஒரு டாலரில் 30 சென்ட்தான் திரும்ப வருகிறது என்று சண்டை போட்டது. 1933-ல் கை நீட்டியவர்கள்!

இரண்டாவது வகைப் பணம், பகுதியையே மாற்றப் போகிறோம் என்று சொல்லிக் கொடுப்பது. அதில்தான் நிறைய ஏமாற்றம். பிரேசிலில் 1958-ல் கொடும் வறட்சி, அடுத்த வருடம் சுதேனே என்ற வளர்ச்சி நிறுவனம் வந்தது, செல்சோ ஃபுர்தாதோ அதன் முதல் தலைவர். வறட்சி வந்தால் அணை கட்டுவது, அணைத் தண்ணீர் பெரிய பண்ணைக்காரருக்கே போவது என்ற சுழலை உடைக்க வேண்டும் என்றார் அவர். கடலோரக் கரும்பு நிலத்தில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுப் பயிருக்குத் திருப்ப வேண்டும் என்பதும் அவர் திட்டத்தில் இருந்தது. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவர் நாட்டை விட்டே போக வேண்டியதானது. நிலத்தைத் தொடும் பகுதி கைவிடப்பட்டது, வரிச் சலுகை மட்டும் நின்றது. தெற்கிலிருந்த நிறுவனங்கள் சலுகைக்காக வடகிழக்கில் ஆலை வைத்தன, பெரும்பாலும் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. இத்தனைக்கும் அந்தப் பகுதி பதினாறு, பதினேழாம் நூற்றாண்டில் சர்க்கரையால் அந்தக் காலனியிலேயே பணக்காரப் பகுதியாக இருந்தது.

இத்தாலியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1950-ல் தெற்குக்கென்று ஒரு நிதி நிறுவனம் வைத்தார்கள். முதலில் பாசனம், சாலை, குடிநீர் என்று செலவழித்த காலத்திலும் அடுத்து வந்த வருடங்களிலும் இடைவெளி உண்மையாகவே குறைந்தது. பின்னால் தாரந்தோவில் எஃகு, ஜேலாவில் பெட்ரோ ரசாயனம் என்று பிரம்மாண்ட ஆலைகள்; சுற்றிலும் சிறு தொழில் முளைக்கவில்லை, 1973 எண்ணெய் நெருக்கடியோடு அவையும் தடுமாறின, இடைவெளி மறுபடி விரிந்தது. 1984-ல் அந்த நிறுவனத்தைக் கலைத்தார்கள்.

இந்தியாவில் 15-வது நிதிக்குழு 2021-லிருந்து 2026 வரைக்கு வரித் தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது, அதைப் பங்கு போடுவதில் வருமான இடைவெளிக்கு மட்டும் 45 சதவீத எடை. பீகாருக்கு 10.06 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.08. தெற்கில் இதனால் வருகிற வருத்தம் எனக்குப் புரிகிறது, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பணம் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு ஆளுக்கு அரசு செலவழிக்கும் தொகையில் பீகார் மாநிலங்களின் வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பத்துக் கோடிக்கு மேல் ஆட்கள். அள்ளிக் கொடுக்கிறோம் என்று தொகையை மொத்தமாகப் பார்த்தால் தோன்றுவது, தலைக்கு வகுத்தால் தோன்றாது.


பழங்கணக்கு எழுதியது:

நிலவரி கேட்டதற்கு: இல்லை, நிலம் மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது நிலத்தைவிடக் கொஞ்சம் அகலமானது. உழைக்கிறவருக்கு வேறு வழி இருக்கிறதா, "இந்தக் கூலி எனக்கு வேண்டாம், நான் போகிறேன்" என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் விஷயம். வங்கத்தில் குத்தகைதாரர் காலூன்றினார், அதே சமயம் போய்ச் சேர வேண்டிய ஆலை பக்கத்தில் இல்லாமல் போனது.

அமெரிக்காவில் 1980-க்குப் பிறகு வேகம் ஏன் போனது என்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. முன்பெல்லாம் ஏழை மாநிலத்திலிருந்து பணக்கார மாநிலத்துக்குப் போனால் வழக்கறிஞருக்கும் லாபம், கட்டடம் துடைக்கிறவருக்கும் லாபம். இப்போது பணக்கார நகரங்களில் புது வீடு கட்டவே அவ்வளவு கட்டுப்பாடு, வாடகை ஏறிக் கிடக்கிறது. வழக்கறிஞருக்கு வாடகை போகவும் மிஞ்சுகிறது. துடைப்பவருக்குக் கூடுதல் கூலி முழுவதையும் வாடகை தின்றுவிடுகிறது, அதனால் அவர் போவதில்லை. படித்தவர் மட்டும் போனால் இடைவெளி குறையாது, கூடத்தான் செய்யும்.

சீனாவில் இதையே பதிவு முறை செய்தது. போகலாம், வேலை செய்யலாம், ஆனால் பிள்ளையை அந்த நகரத்துப் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம், அதனால் பிள்ளைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம். இந்தியாவில் சட்டப்படி தடை இல்லை, ஆனாலும் ரேஷன் அட்டை ரொம்ப காலம் சொந்த மாநிலத்தில் மட்டும்தான் செல்லுபடியானது. 2019-ல் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் தொடங்கிய பிறகுதான் அது மாநிலம் தாண்ட ஆரம்பித்தது.


எடைக்கல் எழுதியது:

இடம்பெயர்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆட்கள் வெளியேறினால் தலைக்கு வருமானம் உயரும், வகுக்கிற எண் குறைகிறதே. ஆனால் போகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். மீதி இருப்பவர்கள் வயதானவர்கள், வரி வருவாய் சுருங்கும், பள்ளி மூடப்படும், பஸ் நின்றுவிடும். 1990-க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் பல பகுதிகளில் இதைத்தான் பார்த்தோம். "இடைவெளி குறைந்தது" என்று தாளில் வருவதும் அந்த ஊர் பிழைத்தது என்பதும் ஒன்றல்ல.


பழங்கணக்கு எழுதியது:

உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிசிசிப்பியின் பருத்தி மாவட்டங்களில் பல 1940-ல் இருந்த மக்கள்தொகையில் பாதிகூட இன்று இல்லை, அங்கே வறுமையும் தீரவில்லை. ஆனால் சிகாகோவுக்குப் போனவரின் மகளுக்கும் அங்கேயே நின்றவரின் மகளுக்கும் கிடைத்த பள்ளியை நினைத்துப் பாருங்கள். பகுதி எட்டிப் பிடித்ததா என்று ஒரு கணக்கு, அந்தப் பகுதியில் பிறந்தவர்கள் எட்டிப் பிடித்தார்களா என்று இன்னொரு கணக்கு. இரண்டாவதை யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.


அரைக்கோடு எழுதியது:

இதுதான் எனக்குப் புதிது. நான் மாநிலத்தை ஒரு ஆள் மாதிரி நினைத்துக்கொண்டு, அந்த ஆள் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பீகாரில் பிறந்து வேறு மாநிலத்தில் வாழ்கிறவர்களின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு மாறும்? கணக்கெடுப்பில் பிறந்த இடம் கேட்கிறார்கள், வருமானம் கேட்பதில்லை. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பையும் இடம்பெயர்வுக் கணக்கெடுப்பையும் இணைத்து இதைச் செய்ய வழி இருக்கிறதா, எடைக்கல்? இந்த வாரம் உட்கார்ந்து முயன்று பார்க்கிறேன், எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.


எடைக்கல் எழுதியது:

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 64-வது சுற்றிலிருந்து தொடங்குங்கள், 2007-08. இடம்பெயர்ந்தவரா, எங்கிருந்து, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறார், குடும்பச் செலவு எவ்வளவு, எல்லாம் ஒரே படிவத்தில் இருக்கிறது. பழசுதான், ஆனால் நீங்கள் கேட்கிற கணக்குக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: சில மாதம் மட்டும் போய்விட்டு வருகிறவர்களைத் தனியாகக் கேட்டிருப்பார்கள், அவர்களை நிரந்தரமாகப் போனவர்களோடு சேர்த்துவிடாதீர்கள், பீகார் விஷயத்தில் அவர்களும் நிறைய. முதல் அட்டவணை வந்ததும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.